பழைய போர்ட்டபிள் டிவிக்குள் வீடியோ கேம்: எதை வைப்பது, எதைக் கழற்றுவது?

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் வந்தால், பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக் கடைகளில் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவிகள் இன்னும் கண்ணில் படும். கரண்ட் வராத தோட்டத்துச் சாளைகளில் பேட்டரியில் ஓடியவை, டீக்கடை மூலையில் கிரிக்கெட் காட்டியவை, சீர்வரிசையில் வந்தவை. பாலக்காட்டில் 1963-இல் அளவுக் கருவிகள் செய்யத் தொடங்கிப் பிறகு டிவிக்கு வந்த பிபிஎல், கேரள அரசு 1973-இல் ஆரம்பித்த கெல்ட்ரான், சென்னையிலிருந்து வந்த டயனோரா, சாலிடேர் என்று இரண்டு பக்கத்துப் பெயர்களும் ஒரே அடுக்கில் தூசி பிடித்துக் கிடக்கும். நடுவே ரேடியோவும் சேர்ந்த ஐந்தரை அங்குலச் சீன டிவி ஒன்றும் இருக்கும். தூர்தர்ஷன் தன் தரைவழி அனலாக் ஒளிபரப்பை 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இப்போது இவற்றில் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிமழைதான்.

இந்த டிவிகளுக்குள் ஒரு பழைய வீடியோ கேமைப் பொருத்திவிடலாம் என்ற ஆசை நிறையப் பேருக்கு உண்டு. ஆனால் கேள்வி எப்போதும் தலைகீழாகத்தான் வருகிறது. இங்கே டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு பையன் கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஏனுங்ண்ணா, இதுக்குள்ள ராஸ்பெர்ரி பை போடறதா, டிவி கேம் போர்டு போடறதா?" (ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர்.) அண்ணன் சால்டரிங் அயர்னைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மொதல்ல டிவியத் திருப்பிப் பின்பக்கத்தக் காட்டு தம்பி."

அவர் சொன்னதுதான் சரியான வரிசை. எந்த கேம் போர்டு என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த டிவி தொடத் தகுந்ததா என்பது. இரண்டாவது, அதன் பிக்சர் டியூப் உயிரோடு இருக்கிறதா என்பது. இவை இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மூன்றாவது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

பின்பக்கத்தில் 12 வோல்ட் ஓட்டை இருக்கிறதா?

போர்ட்டபிள் டிவிகளில் பலவற்றுக்குப் பின்னால் 12 வோல்ட் டிசி என்று எழுதிய ஒரு சாக்கெட் இருக்கும். கார் பேட்டரியிலோ டிராக்டர் பேட்டரியிலோ ஓட்டுவதற்காக வைத்தது. நமக்கு அது ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் மாதிரி. 12 வோல்ட்டில் ஓடும்படி செய்த டிவியில், வீட்டுக் கரண்டுக்கு இரும்புக் கருவுள்ள டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உள்ளேயோ வெளியே அடாப்டரிலோ இருக்கும். அதனால் டிவியின் சேஸிஸுக்கும் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) சுவரில் வரும் 230 வோல்ட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய டிவிகளில் கதை வேறு. வீட்டுக் கரண்டை நேரே டையோடில் திருத்தி ஓடுபவை அவை. உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே மெயின்ஸோடு இணைந்திருக்கும். மெக்கானிக்குகள் 'ஹாட் சேஸிஸ்' என்பார்கள். தொழிற்சாலையில் இருந்தபடியே இருக்கும்வரை ஆபத்தில்லை, ஏனென்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் சேஸிஸைத் தொடாது. நீங்கள் அதில் படமும் சத்தமும் கொண்டுபோகும் ஒரு ஏவி வயரை இணைத்து, கேம் போர்டின் கிரவுண்டைச் சேஸிஸில் சேர்த்த நிமிடம், ஜாய்ஸ்டிக்கின் ஒயர் வரைக்கும் 230 வோல்ட் வந்துவிடலாம். அதைப் பிடித்து விளையாடப் போவது ஒரு குழந்தை.

ஆகவே பின்மூடியைக் கழற்றி முதலில் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுங்கள். கையில் எடுத்தால் கனக்கும், கறுப்பு இரும்புத் தகடுகள் அடுக்கிய கட்டை. மெயின்ஸ் ஒயர் இரண்டும் நேராக அதற்குள் போய், வேறு ஒயர்கள் அதிலிருந்து வெளியே வந்தால் நல்லது. ஒயர் போர்டுக்குப் போய், அங்கே 400 வோல்ட் என்று அச்சிட்ட ஒரு பெரிய கெப்பாசிட்டர் நின்றால் தள்ளி நில்லுங்கள். அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் நிற்கும். இப்படிப்பட்ட டிவியில் கேம் பொருத்தத்தான் வேண்டுமென்றால் தனி ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அந்தச் செலவில் 12 வோல்ட் டிவியே இரண்டு கிடைக்கும். என்னைக் கேட்டால் அதை அப்படியே அலங்காரத்துக்கு வைத்துவிட்டு வேறொன்று தேடுவேன்.

இன்னொரு எச்சரிக்கை, 12 வோல்ட் டிவிக்கும் சேர்த்து. பின்பக்கத்துச் சாக்கெட் 12 வோல்ட் என்பதால் உள்ளே எல்லாம் 12 வோல்ட் என்று ஆகிவிடாது. ஐந்தரை அங்குல டியூபுக்கே ஈஎச்டி (EHT) என்ற உயர் வோல்ட்டேஜ் பகுதி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கும், 14 அங்குலக் கறுப்பு வெள்ளையில் பத்தாயிரத்தைத் தாண்டும். கண்ணாடியின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட இடம்தான் அதன் வாசல். வேலையைத் தொடங்குமுன் அதை டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் கம்பியில் ஒரு க்ளிப் ஒயரை மாட்டி, மறுமுனையை டியூபின் பின்புறக் கறுப்புப் பூச்சைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். பிறகு தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை நுழையுங்கள். போர்டில் எங்கோ ஒரு கிரவுண்டில் மாட்டினால் டிரான்சிஸ்டர்கள் போய்விடும், பின்னல் கம்பியில்தான் மாட்ட வேண்டும். ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும். இடவப்பாதி மழைக்காலத்தில், பல வருடத் தூசி படிந்த டிவியைப் போட்டால் இந்தத் தொப்பியைச் சுற்றி 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும். ஈரத்தில் மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். டிஸ்சார்ஜ் செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

டியூபை வைப்பதா, எல்சிடி போடுவதா?

மனசு ஊசலாடும் இடம் இதுதான். டியூபைக் கழற்றிவிட்டால் உள்ளே இடம் தாராளம், எடை குறையும், ஈஎச்டி பயம் போகும், வண்ணத்தில் விளையாடலாம். கேட்க எல்லாமே நன்றாக இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கும் டியூபைக் கழற்றுவதற்கு நான் எதிரி, காரணம் வெறும் பழைய ஞாபகம் இல்லை.

அந்தக் காலத்து கேம்கள் டியூபுக்காகவே வரையப்பட்டவை. 1983-இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் 256-க்கு 240 புள்ளிகளில் படம் போடும். டியூபில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மெத்தென்று தெரியும். எல்சிடியில் சதுரம் சதுரமாகத் தெரியும், மலிவான பலகையில் சதுரங்களும் ஒரே அளவில் இருக்காது. அடுத்தது தாமதம். டியூபில் சிக்னல் வர வர அந்தக் கணமே கோடு விழுகிறது. எல்சிடி போர்டு பெரும்பாலும் படத்தை வாங்கி, நீட்டி, பிறகுதான் காட்டுகிறது. காண்ட்ரா என்ற சுடும் கேமில் குண்டுக்குத் தப்பிக் குதிப்பவருக்கு அந்த வித்தியாசம் விரலில் தெரியும்.

டியூபின் பக்கம் தராசை முழுக்கச் சாய்ப்பது துப்பாக்கி. வாத்து சுடும் கேமை விளையாடியவர்களுக்குத் தெரியும், டிவி கேமோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் அடிபட்டது என்று கணக்கு. எலெக்ட்ரான் கற்றை கோடு கோடாக வரையும்போது உண்டாகும், நொடிக்குப் பதினைந்தாயிரம் தடவைக்கு மேல் துடிக்கும் அந்த மினுக்கத்தைத்தான் உணரி தேடுகிறது. எல்சிடியில் அந்தத் துடிப்பும் இல்லை, நேரமும் ஒத்துவராது. அதனால் எல்சிடி போட்ட அன்றே துப்பாக்கி வெறும் பொம்மை. கறுப்பு வெள்ளை டியூபில் அது ஜம்மென்று வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு நிறம் தேவையே இல்லை.

எல்சிடிக்கு இன்னொரு தொல்லை அளவு. ஐந்தரை அங்குல டியூபின் முகம் சுமார் 11 செ.மீ. அகலமும் எட்டரை செ.மீ. உயரமும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஐந்து அங்குல அகலத்திரைப் பலகையும் 11 செ.மீ. அகலம்தான், ஆனால் உயரம் ஆறேகால். அதாவது டிவியின் ஜன்னலில் மேலும் கீழும் ஒரு விரலளவு ஓட்டை விழும். அதைக் கறுப்பு அட்டையால் மறைத்தாலும், பழைய கேமின் நான்குக்கு மூன்று படம் உள்ளே எட்டு செ.மீ. சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். நீட்டிப் போட்டால் மாரியோ குண்டாகிவிடுவார். 14 அங்குலப் பெட்டிக்குப் பழைய சதுரவாட்டக் கம்ப்யூட்டர் மானிட்டரின் பலகை ஓரளவு பொருந்தும், ஆனால் டியூபின் முகத்தில் இருந்த அந்த லேசான வளைவு போய்விடும்.

சரி, எல்சிடியே வேண்டாமா? வேண்டும், டியூப் செத்திருந்தால். டிவியைப் போட்டதும் டியூபின் கழுத்தில் ஆரஞ்சு நிறத்தில் சின்ன வெளிச்சம் வருகிறதா பாருங்கள். வெளிச்சம் வரவில்லை, ஹீட்டர் பின்களுக்கு நடுவே மீட்டரிலும் தொடர்பு காட்டவில்லை என்றால் இழை அறுந்துவிட்டது. வெளிச்சம் வந்தும் படம் சாம்பல் பூத்து, பிரைட்னஸை முழுக்க வைத்தாலும் முகம் தெரியவில்லை என்றால் டியூப் களைத்துவிட்டது. இந்த இரண்டு நிலையிலும் புது டியூப் தேடி அலைவது வீண்வேலை, எல்சிடிக்குப் போங்கள். ஒற்றைக் கோடாகத் தெரிவது, படம் உருள்வது, கழுத்தில் வெளிச்சம் இருந்தும் சத்தம் மட்டும் வருவது இதெல்லாம் டியூப் சாவு இல்லை. பெரும்பாலும் உலர்ந்த எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அல்லது விட்டுப்போன சால்டரிங். இருபது முப்பது ரூபாய்ச் சாமானில் தீர்ந்துவிடுகிற வியாதிக்கு டியூபைப் பலி கொடுக்காதீர்கள்.

எல்சிடி என்று முடிவானால் எச்டிஎம்ஐ பலகையைவிட, காரில் ரிவர்ஸ் கேமராவுக்குப் போடும் சின்ன மானிட்டர் வசதி. நேரே 12 வோல்ட்டில் ஓடும், ஏவி சிக்னல் வாங்கும், விலையும் குறைவு. கழற்றிய டியூபை மட்டும் தோட்டத்து மூலையில் எறிய வேண்டாம். உள்ளே வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும். கண்ணாடியில் ஈயமும் உண்டு. கேரளப் பக்கம் ஹரித கர்ம சேனைக்காரர்கள் மூலம் இ-வேஸ்ட் எடுக்கிறார்கள், அவர்களிடம் சொல்லிவிடலாம்.

சிக்னலை எந்த வழியில் உள்ளே விடுவது?

டியூபை வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி. மூன்று வழி.

டிவியில் ஏற்கெனவே ஏவி சாக்கெட் இருந்தால் அதிர்ஷ்டம். ஐந்தரை அங்குலச் சீன டிவிகள் பலவற்றில் பக்கவாட்டில் இருக்கும். அதன் பின்பக்கப் பின்களில் உள்ளிருந்தே ஒயரைச் சால்டர் செய்தால் போதும்.

இல்லையென்றால் ஆன்டெனா வழி. பழைய டிவி கேம்களில் படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் இருக்கும், விஎச்எஃப் சேனல் 3 அல்லது 4-இல் படம் அனுப்பும். டியூனரைத் திருகிப் பிடிக்க வேண்டும். போர்டில் எதையும் வெட்ட வேண்டியதில்லை என்பது ஒரே நன்மை. படம் கொஞ்சம் மங்கும், டிவி சூடாக ஆக டியூனர் நகர்ந்து அரைமணிக்கு ஒருமுறை திருக வேண்டி வரும். முதல் தடவை செய்பவர்கள் இதில் தொடங்கலாம், தப்பில்லை.

மூன்றாவது, போர்டிலேயே வீடியோவைச் செலுத்துவது. படம் இதில்தான் பளிச்சென்று இருக்கும். சின்ன கறுப்பு வெள்ளை டிவிகளில் பெரும்பாலான வேலையை ஒரே ஐசி செய்யும், 5151 என்ற எண் அதன் மேல் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஐசியிலிருந்து வெளியேறும் வீடியோ, சத்தத்தைப் பிரிக்கும் 5.5 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரைத் தாண்டி, வீடியோ டிரான்சிஸ்டருக்குப் போகும். அந்தப் பாதையை வெட்டி ஒரு டூவே ஸ்விட்ச் வைத்தால் ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் கேம். உள்ளே வரும் ஒயரில் 75 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்கும், ஒரு எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வரிசையிலும். படத்தை நிலைநிறுத்தும் சிங்க் துடிப்பு பிரியும் இடத்துக்கு முன்னால் வெட்ட வேண்டும், பின்னால் வெட்டினால் படம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். போட்டோ நெகட்டிவ் போல வெள்ளை கறுப்பாக மாறித் தெரிந்தால் நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வைத்துத் திருப்ப வேண்டும். சத்தத்துக்கு வால்யூம் கண்ட்ரோலின் மேல்கால் போதும். பழகிய டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுப்பார். இந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் கடையைப் பூட்டுவதற்குள் செய்துகொள்வது நல்லது.

கறுப்பு வெள்ளை டிவிக்கு இங்கே ஒரு பெருமை சொல்லியாக வேண்டும். நம் ஊர் டிவி பால் (PAL) முறை, 625 கோடு, நொடிக்கு 50 தடவை. ஜப்பான், அமெரிக்க கேம்கள் என்டிஎஸ்சி (NTSC), 525 கோடு, 60 தடவை. பால் மட்டும் தெரிந்த பழைய கலர் டிவியில் என்டிஎஸ்சி கொடுத்தால் நிறம் வராது. கறுப்பு வெள்ளையில் நிறம் என்ற பிரச்சினையே கிடையாது. படுக்கைவாட்டு வேகம் இரண்டு முறைக்கும் ஏறக்குறைய ஒன்று. பின்னால் இருக்கும் வெர்ட்டிகல் ஹோல்டைக் கொஞ்சம் திருகினால் 60-க்கும் படம் கெட்டியாக நிற்கும். உயரம் சற்றுக் குறைந்தால் உள்ளே ஹைட் பிரீசெட்டைத் தொட்டால் சரி. ஆர்எஃப் வழியில் மட்டும் சத்தம் சொதப்பும், ஏனென்றால் என்டிஎஸ்சி ஒலி 4.5 மெகாஹெர்ட்ஸில் வரும், நம் டிவி 5.5-இல் தேடும். ஏவி வழியில் அந்தக் கவலையும் இல்லை.

இப்போது மூன்றாவது கேள்வி: எந்த கேம்?

பழைய டிவி கேம் போர்டு, கைக்கு அடக்கமான சப் (SUP) வகைக் குட்டி கேம், எச்டிஎம்ஐ கேம் ஸ்டிக், ராஸ்பெர்ரி பை. இந்த நான்கில்தான் ஆள்கள் குழம்புகிறார்கள்.

கேம் ஸ்டிக்கை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். பத்தாயிரம் கேம் என்று அட்டையில் போட்டிருக்கும், பாதி ஒரே கேமின் வேறு வேறு பெயர். வெளியே வருவது எச்டிஎம்ஐ. அதை ஏவியாக்க இன்னொரு கன்வெர்ட்டர், அதற்கு இன்னொரு 5 வோல்ட், அது சேர்க்கும் தாமதம். டியூபுக்கு இதைவிடச் சுற்றுவழி வேறில்லை. எல்சிடி போட்டவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

பழைய டிவி கேம், அதாவது எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கேசட் போட்டு விளையாடிய ஃபேமிகாம் நகல், இந்தப் பெட்டிக்கென்றே பிறந்தது மாதிரி பொருந்தும். ஸ்விட்ச் போட்டதும் கேம், சட்டென்று அணைக்கலாம், துப்பாக்கி உண்டு, கேசட்டை ஊதி ஊதிச் செருகும் சுகமும் உண்டு. நம் ஊரில் விற்ற பால் நகல்களில் ஒரு விநோதம் பார்த்திருப்பீர்கள், பாட்டின் சுருதி சரியாக இருக்கும், ஆனால் தாளம் மந்தமாக ஓடும். படம் 60-க்குப் பதில் 50 தடவை வருவதால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. சிப்பின் கடிகாரத்தை மட்டும் பழைய வேகத்துக்கு நெருக்கமாக வைத்திருப்பதால் சுருதி தப்பிவிடுகிறது. அந்த மந்த வேகத்தில் வளர்ந்தவர்களுக்கு அசல் வேகத்தில் ஓடும் கேம் வெறி பிடித்தது போல இருக்கும். குறை என்று சொன்னால், கேசட் செருகும் நீள சாக்கெட்டுக்கு டிவியின் உடலில் ஒரு பெரிய ஓட்டை போட்டாக வேண்டும். ஐந்தரை அங்குலத்தில் அதற்கு இடம் கிடையாது. 14 அங்குலத்தில் பக்கவாட்டில் தாராளம்.

சின்ன டிவிக்கு நான் சொல்வது சப் வகைக் குட்டி கேம். உள்ளங்கை அளவு, 400 கேம் உள்ளேயே, ஏவி அவுட் சாக்கெட்டும் உண்டு. பழைய நோக்கியா போனின் பிஎல்-5சி பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் மிகக் குறைவாகத்தான் எடுக்கும். அதன் எல்சிடியை விட்டுவிட்டு போர்டை மட்டும் டிவியின் மூலையில் ஒட்டி, பட்டன்களுக்கு ஒயர் இழுத்து முன்பக்கம் கொண்டுவரலாம். கெட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை. இந்த 400 கேம்களும் பெரும்பாலும் உரிமை வாங்காமல் அடைத்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தக் கேசட் இருப்பவர்கள் மேல்.

ராஸ்பெர்ரி பை எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. அதன் பலம் பெரியது, பழைய கன்சோல்கள் (வீடியோ கேம் பெட்டிகள்) பலவற்றின் கேம்கள் அதில் ஓடும். 2021-இல் 15 டாலர் விலையில் அறிவித்த ஜீரோ 2 டபிள்யூ இந்த வேலைக்குப் போதும், நம் கைக்கு வரும்போது விலை கொஞ்சம் ஏறும். கம்போசிட் வீடியோ, அதாவது ஏவி வயரில் போகும் படச் சிக்னல், அதில் சாக்கெட்டாக வராது, போர்டின் அடியில் ஒரு புள்ளியாக இருக்கும், அங்கே சால்டர் செய்ய வேண்டும். சத்தத்துக்கும் சாக்கெட் இல்லை, சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று சேர்க்க வேண்டும். பை 3, பை 4-இல் 3.5 மி.மீ. சாக்கெட்டிலேயே வீடியோவும் சத்தமும் வரும், ஆனால் எல்லா ஏவி ஒயரும் அதற்கு ஒத்துவராது. அடிப்பகுதி வீடியோ, அதற்கு மேல் கிரவுண்ட் என்பது பையின் வரிசை. கேமரா ஒயர்கள் சிலவற்றில் மாறியிருக்கும். மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கறுப்பு வெள்ளை டியூபில் பைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. நிறத்துக்கான துடிப்பையே நிறுத்திவிடும் ஓர் அமைப்பு பையின் கோப்பில் இருக்கிறது. நிறுத்தினால் 14 அங்குலத்தில் படத்தின் ஓரங்களில் ஊர்ந்துகொண்டிருக்கும் புள்ளிகள் மறைந்து கோடுகள் கூர்மையாகும். இன்னொன்று, 1989-இல் வந்த கேம்பாய் நான்கே சாயல்களில் படம் காட்டியது. அந்த கேம்களைக் கறுப்பு வெள்ளை டியூபில் ஓட்டிப் பாருங்கள், எதையும் இழந்த மாதிரியே இருக்காது. மாறாக, ஒரே நிறத்தைச் சேர்த்து உடைக்கும் வகை கேம்கள் கறுப்பு வெள்ளையில் விளையாடவே முடியாது, சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல்.

பையின் பலவீனம் இரண்டு. கேம் தேர்ந்தெடுக்கும் மெனு எழுத்துகள் ஐந்தரை அங்குலத்தில் எறும்பு மாதிரி இருக்கும், ஓரத்து எழுத்துகள் டியூபின் விளிம்புக்கு வெளியே போய்விடும். அடுத்தது அணைக்கும் விதம். டிவியின் ஸ்விட்ச்சைத் தட்டினால் பையும் பொட்டென்று அணையும், அடிக்கடி அப்படி ஆனால் மெமரி கார்டு கெட்டுவிடும். நினைத்த நேரத்தில் கரண்ட் போகும் நம் பக்கத்துக்கு இது சின்ன விஷயமில்லை. கார்டை எழுத முடியாதபடி பூட்டிவைக்கும் முறை உண்டு, ஆனால் விளையாட்டை இடையில் சேமித்துவைக்க முடியாது. இதெல்லாம் புரிந்து செய்பவருக்குப் பை நல்லது. குழந்தைகள் கையில் கொடுக்கப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் எங்கிருந்து?

டிவி 12, கேம் 5 வோல்ட் கேட்கும். டிவி கேமுக்கும் சப் போர்டுக்கும் 12-ஐ 5 ஆக்கும் 7805 ரெகுலேட்டர் போதும், ஹீட்சிங்க்கோடு. சப்பின் பேட்டரி முனையில் கொடுப்பதென்றால் 5 அதிகம், அதன் சார்ஜிங் சாக்கெட் வழியே கொடுங்கள். பைக்கு எல்எம்2596 என்ற ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போர்டு வேண்டும், இணைக்கும் முன் மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ளுங்கள். அது ஸ்விட்ச் செய்யும் சத்தம் படத்தில் சாய்வான கோடுகளாக விழும். டியூபின் கழுத்திலிருந்து தள்ளி வைத்து, உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் கெப்பாசிட்டர் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும். யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, வரிசையில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. ஐந்தரை அங்குல டிவியும் சப்பும் சேர்ந்து மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியை மாட்டாதீர்கள், சின்ன பேட்டரிதானே என்று நினைக்க வேண்டாம், ஒயர் பற்றிக்கொள்ள அது போதும்.

ஆக, ஐந்தரை அங்குலம், டியூப் நன்றாக இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்றால் சப் போர்டும் ஏவி வழியும். 14 அங்குல 12 வோல்ட் டிவி, வீட்டில் கேசட்டும் துப்பாக்கியும் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய டிவி கேம் போர்டு, போர்டிலேயே வீடியோவைச் செலுத்தி. கேம்பாய் பைத்தியம், பையில் ஓடும் லினக்ஸில் பழக்கம் இரண்டும் உண்டென்றால் 14 அங்குலமும் பையும். டியூப் செத்தது என்றால் ரிவர்ஸ் கேமரா மானிட்டரும் எதுவானாலும். ஏவி சாக்கெட் உள்ள 14 அங்குலக் கலர் டிவி வைத்திருப்பவர்கள் உள்ளே கையே வைக்க வேண்டாம், 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் இடம் அது. கேம் பெட்டியைத் தலையில் வைத்து ஒயரைச் செருகினால் போதும்.

எதைச் செய்தாலும், பின்மூடியை மாட்டுமுன் ஒரு மணி நேரம் திறந்தபடி, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது ஓட்டிப் பாருங்கள். அணைத்து, பிளக்கையோ பேட்டரியையோ பிடுங்கிய பிறகு 7805-இன் ஹீட்சிங்க்கையும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் மேற்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மூடிக்குள் இன்னும் ஏறும். ஹீட்சிங்க்கைப் பெரிதாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒயர்கள் எதுவும் டியூபின் கழுத்தையோ ஈஎச்டி ஒயரையோ உரசாமல் டேக் போட்டுக் கட்டிவிட்டு, அப்புறம் ஸ்க்ரூவை முறுக்கலாம்.